பசுமைச் சித்தரின் எரியாத கயிறு

தாயில்பட்டிக்குப் பக்கத்து ஊர் அது. ஞாயிற்றுக்கிழமை, பட்டாசுக் கம்பெனிகளுக்கு விடுமுறை. கறி எடுத்துக் குழம்பு வைத்திருக்க வேண்டிய சனமெல்லாம் அடுப்பைக்கூடப் பற்றவைக்காமல் ஊர்ப் பொட்டலில் வந்து குவிந்திருந்தது. பசுமைச் சித்தர் வருகிறாராம்!

சித்தர் என்றதும் மலை, குகை, மூலிகை என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். அதெல்லாம் பழைய சரக்கு. இவர் டீசல் காரில் வருவார். கார் கறுப்பாகப் புகை கக்கும். பின் கண்ணாடியில் 'புகையில்லாப் பூமி காப்போம்' என்று பச்சை எழுத்தில் ஒட்டியிருக்கும். 'பிளாஸ்டிக்கை ஒழிப்போம்' என்று பிளாஸ்டிக் பேனரில் அச்சடித்து, தெருவுக்குத் தெரு கட்டியிருந்தார்கள். வெயிலில் வாடிய பக்தர்களுக்குப் பாக்கெட் தண்ணீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டுப் பாக்கெட்டைக் காலடியில் போட்டுவிட்டு, பூமித்தாயைக் காப்பாற்ற எல்லோரும் கைதட்டினார்கள்.

சித்தர் மேடையேறினார். நெஞ்சுவரை தாடி. உடம்பில் சுத்தமான கதர். முன்னால் ஒரு செம்புக் கலசம், அதில் விளிம்புவரை தண்ணீர். கலசத்தின் வயிற்றைச் சுற்றி ஒரு பச்சைக் கயிறு, இழையோடு இழை ஒட்டி, இறுக்கமாகச் சுற்றியிருந்தது. சித்தர் கற்பூரத் தட்டை எடுத்தார். மேளம் அடங்கியது. கற்பூரச் சுடரைக் கலசத்தின் வயிற்றில் காட்டினார். சுடர் கயிற்றை நக்கியது, கயிற்றின் மேலேயே தவழ்ந்தது. கயிறு எரியவில்லை! கொஞ்சம் கரி படிந்ததோடு சரி. துடைத்துக் காட்டினார். பச்சை பச்சையாகவே இருந்தது.

"அக்னிய நான் கட்டிட்டேன்!" என்று சித்தர் மைக்கில் முழங்கினார். "இந்தக் கயிறு யார் கையில இருக்கோ, அவங்கள நெருப்பு தீண்டாது!"

பொட்டலே எழுந்து கும்பிட்டது. பொழுது விடிந்தால் வெடிமருந்தோடு உறவாடும் சனம். இவர்களிடம் நெருப்புக்குக் காப்பு விற்பவன், தாகத்தில் கிடப்பவனிடம் தண்ணீர் விற்பவனைப் போல. கூவி விற்கக்கூட வேண்டியதில்லை.

மேடையில் கயிற்றுத் தட்டை ஏந்தி நின்றவள் ஓவியா. விருதுநகரில் கல்லூரி இரண்டாம் ஆண்டு, பசுமை மன்றத்தின் மாணவர் செயலாளர். அன்றைக்கு அவளைப் போலப் பெருமைப்பட்டவர் அந்தப் பொட்டலில் வேறு யாரும் இல்லை. ஏனென்றால் அந்தக் கயிற்றின் மூலப்பொருள் அவள் பொறுக்கியது.

ஓவியாவுக்குப் பூமியின் மேல் பிரியம் வந்து ஒரு வருடம் ஆகிறது. மன்றத்தில் சேர்ந்த புதிதில் காகிதக் கப்பில் டீ குடிப்பதை விட்டாள், வீட்டிலிருந்து எவர்சில்வர் டம்ளர் கொண்டுபோய் டீக்கடைக்காரரிடம் நீட்டி, "என்ன தாயி, கடன் கேக்க வந்தியா?" என்று கேலி வாங்கினாள். காய்கறித் தோலை மண்பானையில் போட்டு உரமாக்குகிறேன் என்று வீடு முழுக்கக் கொசுவை வளர்த்தாள். மூன்றாவது பானையில்தான் உரம் உரமாக வந்தது. அம்மா மாடத்தி அந்தப் பானையைத் தாண்டும்போதெல்லாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "படிக்க அனுப்புனா குப்பையக் கிண்டுறா" என்பாள். ஆனால் முருங்கைக்கு அந்த உரத்தைத்தான் போட்டாள்.

பங்குனிப் பொங்கல் முடிந்த மறுநாள் விருதுநகர் வீதிகளில் தண்ணீர்ப் பாட்டில்கள் மலையாகக் கிடந்தன. ஓவியாவும் தோழிகளும் கோணிப்பையோடு இறங்கிப் பொறுக்கினார்கள். மன்றத்துக்குப் பொறுப்பான பேராசிரியர் லட்சுமிகாந்தம், கூலிங்கிளாஸைக் கழற்றாமல், நிழலில் நின்று படம் எடுத்தார். அந்தப் பாட்டில்களைப் பசுமைச் சித்தரின் அறக்கட்டளை வாங்கிக்கொண்டது. உருக்கி நூலாக்கி, நூலைத் திரித்துக் கயிறாக்கி, கயிற்றை மந்திரித்துக் காப்பாக்கியது. குப்பை குறையும், உயிரும் காக்கும். இதைவிட நல்ல காரியம் உண்டா என்று ஓவியா பூரித்துப் போனாள்.

பாட்டிலை உருக்கிச் செய்த கயிறு என்று சித்தர் மேடைக்கு மேடை சொன்னார். அவர் சொன்னதிலேயே உண்மை அது ஒன்றுதான். அதைத்தான் ஒருவரும் காதில் வாங்கவில்லை.

அந்த வார நடுவில் ஒரு நாள், கல்லூரி வண்டிக்கு முன்பாகவே கிளம்பி, அம்மாவோடு கம்பெனிக்குப் போனாள் ஓவியா. மன்றத்தின் சார்பில் ஒரு பெட்டி கயிற்றை அங்கே ஒப்படைக்க வேண்டியிருந்தது. முதலாளி ராஜபாண்டியன் தன் தொழிலாளர் எல்லோரும் அக்னிக்கட்டுக் கயிறு கட்டியே ஆகவேண்டும் என்று உத்தரவு போட்டிருந்தார். கயிறு இல்லாதவருக்கு வேலை இல்லை.

கேட்டில் போர்மேன் சங்கிலிமுத்து நின்றார். கடமையில் கறார். செல்போன் இருந்தால் வாங்கி வைப்பார். கொண்டை ஊசி, சேப்டி பின் எல்லாம் வெளியே. பிறகு ஒவ்வொருவரும் சுவரில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். உடம்பில் சேர்ந்திருக்கும் மின்சாரம் அதில் இறங்கிவிடும். அது வெடிமருந்து அடைக்கும் மருந்தறைக்குள் பொறியாகத் தெறித்தால் என்ன ஆகும் என்று இந்தப் பக்கத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரியும்.

மாடத்திக்கு முன்னால் நின்ற பெண்ணைச் சங்கிலிமுத்து நிறுத்தினார். சேலை முந்தானையை விரலில் தேய்த்துப் பார்த்தார்.

"என்னத்தா இது, நைலான் கலந்த சேலையா?"

"கொளுந்தன் கல்யாணத்துக்கு எடுத்தது அண்ணே. பருத்திச் சேல காயல."

"காயலன்னா ஈரத்தோட கட்டிட்டு வா. நைலான் உரசுனா பொறி வரும்னு தெரியாதா? எத்தன தடவ சொல்றது? போய் மாத்திட்டு வாத்தா, போ!"

அந்தப் பெண் முணுமுணுத்துக்கொண்டே திரும்பினாள். அடுத்து மாடத்தி. சங்கிலிமுத்து அவள் சேலையைப் பார்த்தார், பருத்தி. கையைப் பார்த்தார். மணிக்கட்டில் பச்சைக் கயிறு பளபளத்தது. அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"நீங்க போங்க யக்கா."

ஓவியாவுக்குத் தலைக்குள் என்னவோ இடறியது. கையில் இருந்த பெட்டியைப் பார்த்தாள். பங்குனிப் பொங்கல் வீதி கண்முன் வந்தது. பாட்டிலை நினைத்தாள்.

"மாமா, சேலையில நைலான் இருந்தா விடமாட்டீங்க. இந்தக் கயிறு எதுல செஞ்சதுன்னு தெரியுமா?"

"சாமி கயிறு தாயி."

"சாமி எதுல செஞ்சாரு?"

"அதான் பாட்டில உருக்கி…" என்று தொடங்கியவர் நிறுத்தினார். பின்னால் வரிசை நீண்டிருந்தது. "மொதலாளி உத்தரவு. நமக்கெதுக்கு? நீ காலேசுக்குப் போ, வண்டி போயிரப் போகுது."

ஆக, அந்தக் கேட்டில் ஒரு விசித்திரம் நடந்துகொண்டிருந்தது. சேலையாக வந்தால் நெருப்பு. கயிறாக வந்தால் காப்பு. ஒரே இனத்துச் சரக்கு. ஒன்றைத் திருப்பி அனுப்பினார்கள், மற்றொன்றைக் கட்டாயமாக்கினார்கள். வெடித்துவிடும் என்று பயந்து வாசலில் தீப்பெட்டியைப் பிடுங்குகிறவர்கள், மந்திரித்த தீப்பெட்டியைக் கையில் கட்டி உள்ளே அனுப்பினார்கள்.

பேராசிரியரிடம் ஓடினாள் ஓவியா. லட்சுமிகாந்தம் அமைதியாகக் கேட்டார்.

"ஓவியா, ஞாயித்துக்கிழமை பெரிய விழா. எல்லாக் கம்பெனி முதலாளிகளும் வர்றாங்க. எல்லாருமே கயிறு ஆர்டர் கொடுக்கப் போறாங்க. நம்ம மன்றத்துக்குச் சித்தர் கையால விருது. இப்பப் போய் இதைக் கிளப்பினா, சுற்றுச்சூழல் இயக்கத்துக்கே கெட்ட பேரு."

"சார், எங்கம்மா மருந்து அடைக்கிற ரூம்ல வேலை பாக்குறாங்க சார்."

"அதான் கயிறு கட்டியிருக்காங்களே, அப்புறம் என்ன?" என்றார் இயற்பியல் பேராசிரியர். ஆமாம், அவர் பாடம் இயற்பியல்தான்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னாள். மாடத்தி சோற்றை வடித்துக்கொண்டிருந்தாள், திரும்பவில்லை.

"யம்மா, அத அவுத்துரு. அது நைலான் மாதிரிதான். உரசுனா பொறி வரும்."

"அவுத்தா வேலைக்கு விடமாட்டாக."

"வேலைக்கு விடலன்னா பரவால்லம்மா."

"பரவால்லியா? உனக்கு ஃபீசு யாரு கட்டுறது, ஒம் முருங்க மரமா?" மாடத்தி கஞ்சிப் பானையைக் கீழே வைத்தாள். அப்புறம் குரல் வேறு மாதிரி வந்தது. "நாகஜோதி எம் பக்கத்துல உக்காந்து வேல பாத்தவ. ரூமு வெடிச்ச அன்னைக்கு நா காச்சல்னு போகல, அவ போனா. ஆசுபத்திரில அவள துணியச் சுத்தித்தான் காமிச்சாக. அதுல இருந்து அந்த ரூமுக்குள்ள கால் வைக்கயில எல்லாம் எனக்கு ஈரக்கொல நடுங்கும். இந்தக் கயிறு கட்டுன பெறகுதான் நடுக்கம் நின்னுச்சு. அதையும் அவுக்கச் சொல்றியே நீ."

அந்தப் பாவி விற்றது கயிற்றையல்ல, நடுங்காத கையை விற்றான் என்று ஓவியாவுக்கு அப்போது புரிந்தது. பயம் இருந்தவரை அம்மா மருந்தைப் பார்த்துப் பார்த்துத் தொட்டாள். இப்போது பயமும் போய்விட்டது, பொறி வரும் பொருளும் கையில் ஏறிவிட்டது. கயிற்றுக்கான பாட்டிலைப் பொறுக்கிக் கொடுத்தது தன் கை. அவளுக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆத்திரம்தான் அதிகம் வந்தது.

ஆனாலும் ஒன்று உறுத்தியது. கயிறு எரியவில்லையே? கண்ணால் பார்த்தோமே?

மறுநாள் சாயங்காலம் வீட்டுச் செம்புச் சொம்பை எடுத்தாள். தண்ணீர் நிரப்பினாள். பூக்கட்டும் நூலை எடுத்து அதன் வயிற்றில் இறுக்கிச் சுற்றினாள். கற்பூரம் தீர்ந்து போயிற்று, மெழுகுவர்த்தியும் தீர்ந்து போயிற்று. "அடியே, சொம்ப எதுக்குடி கரியாக்குற?" என்று மாடத்தி கத்தினாள். சொம்பின் முகம் கறுத்திருந்தது. அவள் முகம் தெளிந்திருந்தது.

ஞாயிறு வந்தது. பொட்டல் கொள்ளவில்லை. சாத்தூரிலிருந்து, காரியாபட்டியிலிருந்து எல்லாம் வேன் பிடித்து வந்திருந்தார்கள். முன் வரிசையில் முதலாளிகள், அவர்களுக்கு நடுவில் ராஜபாண்டியன். அவருக்கு இந்தக் கயிற்றின் மேல் தனிப் பிரியம். கேட்டில் இருக்கும் செம்புத் தகட்டுக்குப் பூமியில் இறங்கும் கம்பி அறுந்து வெகுநாளாகிறது. அதைச் சரிசெய்ய வேண்டும், அறைகளுக்குப் புது விரிப்பு போடவேண்டும், கதவை அகலமாக்க வேண்டும். கயிறு வந்தபின் எதையும் செய்ய வேண்டியதில்லை. எல்லாப் பொறுப்பையும் சாமி பார்த்துக்கொள்வார்.

சித்தர் வழக்கம்போல் கற்பூரம் காட்டினார். வழக்கம்போல் கயிறு எரியவில்லை. வழக்கம்போல் பெண்கள் குலவையிட்டார்கள். அப்புறம் லட்சுமிகாந்தம் மைக்கைப் பிடித்து, "மாணவச் செயல்வீராங்கனை ஓவியா இரண்டு வார்த்தை பேசுவார்" என்றார்.

ஓவியா மைக்கை வாங்கினாள். கூட்டத்தில் அம்மாவைத் தேடினாள். நடு வரிசையில், மணிக்கட்டில் பச்சையோடு மாடத்தி உட்கார்ந்திருந்தாள்.

"சாமி, எனக்கு ஒரு ஆசை. இந்த அற்புதத்த எங் கையால ஒருதரம் செஞ்சு பாக்கலாமா? பக்தியோட செஞ்சா எங்களுக்கும் நடக்குமா?"

சித்தர் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் உருகிக்கொண்டிருந்தது. மறுக்க முடியாது. "பக்தி இருந்தா நடக்கும் குழந்தாய்" என்றார். கயிறு நம்முடையது, கலசம் நம்முடையது, கவலை என்ன என்று நினைத்துக்கொண்டார்.

ஓவியா கலசத்தில் இருந்த பச்சைக் கயிற்றைப் பிரித்தெடுத்தாள். பையிலிருந்து ஒரு நூல்கண்டை எடுத்தாள். "இது சந்தையில பூக்காரக்கா குடுத்த நூலு. மல்லிப்பூ கட்டுறது. எந்த மந்திரமும் கிடையாது." கலசத்தில் அதை இறுக்கிச் சுற்றினாள். கற்பூரச் சுடரைக் காட்டினாள். சுடர் தவழ்ந்தது. நூல் எரியவில்லை.

கூட்டம் ஒரு நொடி திகைத்தது. பிறகு ஒரு குரல் எழுந்தது:

"ஆத்தாடி! மாடத்தி மகளுக்கும் சக்தி வந்துருச்சு!"

குலவை வானைப் பிளந்தது. முன் வரிசையில் ஒரு முதலாளி எழுந்து ஓவியாவைக் கும்பிட்டே விட்டார். இந்த நாட்டில் சாமியாராக எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று யாராவது கேட்டால், ஒரு கற்பூரம் எரிகிற நேரம் என்று தாராளமாகச் சொல்லலாம்.

"சக்தியும் இல்ல, ஒண்ணும் இல்ல!" ஓவியா மைக்கில் கத்தினாள். "உள்ள தண்ணி இருக்கு. சூட்டையெல்லாம் செம்பு வாங்கித் தண்ணிக்குக் குடுத்துருது. நூலுக்குச் சூடே ஏறல. வீட்டுக்குப் போய் உங்க சொம்புலயே செஞ்சு பாருங்க! இப்ப இதப் பாருங்க."

விளக்குமாற்றுக் குச்சி ஒன்றில் சித்தரின் பச்சைக் கயிற்றை முடிச்சிட்டுத் தொங்கவிட்டாள். கற்பூரச் சுடரில் காட்டினாள். கயிறு சுருண்டது, உருகியது, பற்றியது. பச்சைத் துளி எரிந்துகொண்டே சொட்டுச் சொட்டாக மேடையில் விழுந்தது. கருகிய பிளாஸ்டிக் நாற்றம் முன் வரிசைக்குப் போயிற்று. முதலாளிகள் கைக்குட்டையைத் தேடினார்கள்.

சித்தர் தாடியை நீவினார். "கலசத்தை விட்டுப் பிரிச்சா கயிற்றுக்குச் சக்தி போயிரும். சாஸ்திரம் தெரியாத பிள்ளை."

"அப்படியா சாமி?" ஓவியா திரும்பினாள். "எங்கம்மா கை என்ன, தண்ணி ஊத்துன செம்புக் கலசமா?"

மாடத்தி தன் மணிக்கட்டைப் பார்த்தாள். அவளைச் சுற்றி இருந்தவர்களும் தங்கள் தங்கள் மணிக்கட்டைப் பார்த்தார்கள்.

"இன்னும் ஒண்ணு இருக்கு. சங்கிலிமுத்து மாமா, மேல வாங்க."

சங்கிலிமுத்து தயங்கித் தயங்கி ஏறினார். ஓவியா ஒரு கொத்துப் பச்சைக் கயிற்றை எடுத்துத் தன் எண்ணெய் வைக்காத தலைமுடியில் பரபரவென்று தேய்த்தாள். மேசையில் பட்டாசு சுற்றும் சிவப்புக் காகிதத்தைத் துணுக்குத் துணுக்காகக் கிள்ளிப் போட்டிருந்தாள். கயிற்றை மேலே கொண்டுபோனதும் காகிதங்கள் துள்ளி எழுந்து கயிற்றில் ஒட்டிக்கொண்டன.

"சாமி சக்தி!" என்று பின்னால் ஒரு கிழவர் கையெடுத்தார். பழக்க தோஷம்.

ஆனால் சங்கிலிமுத்து கையெடுக்கவில்லை. அவர் முகம் செத்துப்போயிருந்தது.

"மாமா, இது என்னது? நீங்களே சொல்லுங்க."

"கரண்டு," என்றார் அவர், மைக்குக்கு வெளியே. பிறகு மைக்கிலேயே சொன்னார். "உரசுனா வர்ற கரண்டு. இதுக்குத்தான் தகட்டத் தொடச் சொல்லுறோம். இதுக்குத்தான் நைலான் சேலயத் திருப்பி அனுப்புறோம். அய்யோ, நானே எங் கையால கட்டிவிட்டு மருந்தறைக்குள்ள அனுப்பியிருக்கேனே!" தன் மணிக்கட்டுக் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தார்.

அப்போது கூட்டத்திலிருந்து மாடத்தியின் குரல் வந்தது. கணீரென்று வந்தது.

"சாமி! எங்க கையில எல்லாம் கட்டிவிட்டீகளே, உங்க கையில ஏன் ஒண்ணும் இல்ல?"

எல்லோரும் பார்த்தார்கள். கதர்ச் சட்டை. கதர் வேட்டி. வெறும் மணிக்கட்டு. பாட்டிலை உருக்கிய மகான் ஒரு பாட்டில் நூலைக்கூட உடம்பில் ஏற்றவில்லை.

"என் தேகமே அக்னி" என்று தொடங்கினார் சித்தர்.

"அப்ப எங்களோட நாளைக்கு மருந்தறைக்கு வாங்க! வந்து ஒரு நா உக்காருங்க!" என்றாள் இன்னொருத்தி. "வாங்க சாமி, வாங்க!" என்று பெண்கள் கூட்டமாக எழுந்தார்கள். அவ்வளவு அன்பான அழைப்பைச் சித்தர் எதிர்பார்க்கவில்லை. மேடையின் பின்பக்கமாக இறங்கினார், வேட்டியைத் தூக்கிக் கட்டினார், காரை நோக்கி ஓடினார். தேகமே அக்னி என்றவருக்கு வியர்வை ஆறாக ஓடியது. வயதான ஒருத்தி அவரைக் காருக்குள் ஏறவிடாமல் மறித்து, உற்றுப் பார்த்து, "ஏலே, நீ சோணமுத்துதான? சந்தையில பிளாஸ்டிக் குடம் வித்தவன்தான நீ?" என்றாள். கார் கறுப்புப் புகையைக் கக்கிவிட்டுப் போயிற்று. 'புகையில்லாப் பூமி காப்போம்' என்ற எழுத்து அந்தப் புகைக்குள் மறைந்தது. மறுநாளே போலீஸ் அவரைச் சாத்தூர் பக்கம் பிடித்தது.

பேராசிரியர் லட்சுமிகாந்தம் ஓவியாவிடம் வந்தார். "எனக்கு மொதல்லயே சந்தேகம்தான்" என்றார். ராஜபாண்டியனைப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். தகட்டுக்குக் கம்பி, அறைக்கு விரிப்பு, அகலக் கதவு. இதெல்லாம் வந்தால்தான் நாளைக்கு உள்ளே போவோம் என்றார்கள். அவர் "பாத்துக்கலாம், பாத்துக்கலாம்" என்றார். "நாங்க பாத்துக்கிட்டே நிக்கோம் மொதலாளி" என்றாள் மாடத்தி. சீசன் நேரம், ஆர்டர் குவிந்திருந்தது. மறுநாள் மதியத்துக்குள் தகட்டுக்குப் புதுக் கம்பி இறங்கிவிட்டது. அந்த அற்புதத்துக்கு மட்டும் யாரும் குலவையிடவில்லை.

ஞாயிறு சாயங்காலத்துக்குத் திரும்புவோம். கயிறுகளை அறுத்துத் தரையில் எறிந்தவர்களை ஓவியா விடவில்லை. "கீழ போடாதீக, பையில போடுங்க" என்று கோணிப்பையைப் பிடித்துக்கொண்டு வரிசையாக வந்தாள். பங்குனிப் பொங்கலுக்குப் பாட்டில் பொறுக்கிய அதே பை. மாடத்தி தன் கயிற்றை அவிழ்த்தாள். மணிக்கட்டில் கயிறு அழுத்திய தடம் தெரிந்தது. பையில் போடும்போது அவள் கை லேசாக நடுங்கியது. ஓவியா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "நடுங்கட்டும்மா. பயந்து பாத்து வேல பாரு. அதுதான் காப்பு" என்றாள்.

கடைசியாக, கைக்குழந்தையோடு ஓர் இளம்பெண் வந்தாள். கயிற்றைப் பையில் போட்டாள். போகவில்லை. குரலைத் தாழ்த்தினாள்.

"தாயி, ஒன் வாய்ல நெசம் இருக்கு, கையில ராசி இருக்கு. அந்தாளு கெடக்கான். நீயே நல்ல பருத்திக் கயிறா ஒண்ணு மந்திரிச்சு எம் பிள்ளைக்குக் கட்டிவிடேன்."

அவளுக்குப் பின்னால் இன்னும் சிலர், ஏற்கெனவே கையை நீட்டியபடி, வரிசையில் நிற்கத் தொடங்கியிருந்தார்கள்.

ஓவியா பையின் வாயைக் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டாள்.

"கையில கட்டுனத நான் அவுக்க வச்சிட்டேன் அக்கா. மண்டையில கட்டியிருக்கத நீங்கதான் அவுக்கணும். அதுக்கு மந்திரம் கெடையாது. யோசிக்கணும்."